மாபி என்றொரு பெண்

தம்பி,

நாம் தமிழாக்கிய புத்தகம் அச்சுக்குப் போகக் காத்திருக்கிறது. முன்னுரை மட்டும் வரவில்லை என்று பதிப்பாளர் மறுபடியும் சொல்லி அனுப்பியிருக்கிறார். எழுத்தாளரின் வாழ்க்கை, அவர் எழுதியவை, மொழிபெயர்ப்பில் வந்த சிக்கல்கள், இவ்வளவும் சில பக்கங்களுக்குள் இருந்தால் போதுமாம். உட்கார்ந்து பார்த்தேன். ‘நவீன கொரியப் புனைகதையில்’ என்று தொடங்கி அதோடு நின்றுவிட்டது. எனக்குக் கொரிய மொழி தெரியாது. அந்த எழுத்தாளரைப் பற்றி நான் அறிந்ததெல்லாம் நீ வாய்விட்டுப் படித்துச் சொன்னதுதான். உன் குரலில் கேட்டதை முன்பின் தெரியாதவர்களுக்கு எப்படிச் சொல்வது? அதனால் உனக்கே எழுதுகிறேன். புத்தகத்தைத் திறப்பவர்கள் பக்கத்தில் நின்று கேட்டுக்கொள்ளட்டும். பக்கத்து வீட்டுக்காரரிடம்கூட இரண்டு வார்த்தைக்கு மேல் பேசாதவள் இப்படி ஊரறியக் கடிதம் எழுதுகிறாளே என்று உனக்குத் தோன்றும். ஃபோனில் பேசினால் நீ ‘ம்’ என்பாய், நானும் ‘ம்’ என்பேன். உன் அப்பாவிடமிருந்து நாம் இரண்டு பேரும் ஒழுங்காகக் கற்றுக்கொண்டது அது ஒன்றைத்தான்.

இதைப் படித்து முடிக்க உனக்கு நேரமாகும். கொரிய எழுத்துகளை ஒரு வாரக் கடைசியில் கற்றுக்கொண்டு, நாடகம் பார்த்தே அந்த மொழியையும் பிடித்துக்கொண்ட பிள்ளை, தமிழில் இன்னும் எழுத்துக்கூட்டித்தான் படிக்கிறாய். ஷார்ஜாவில் வளர்ந்த பிள்ளைகளில் பாதிப் பேருக்கு அப்படித்தான். பேச வரும், திட்ட வரும், கேலி செய்ய வரும். ஆனால் பேச்சுக்குள் சில மூலைகள் உண்டு, அங்கே வெளிச்சம் போட யாரும் இருக்க மாட்டார்கள். அப்படி ஒரு மூலையைப் பற்றித்தான் இந்தக் கடிதம். மெதுவாகவே படி.

ரோலாவில் இருக்கும் இந்த வீடு பாதி காலியாகிவிட்டது. ஸோஃபாவைக் கீழ்த்தளத்து மலையாளிக் குடும்பம் எடுத்துக்கொண்டது. திரைச்சீலைகளைக் கழற்றிவிட்டதால் எதிரே இருக்கும் மணி எக்ஸ்சேஞ்ச் கடையின் பச்சை விளக்கு சுவரில் விழுந்துகொண்டே இருக்கிறது. என் விசா உன் அப்பாவின் விசாவோடு ஒட்டியது. அவர் இறந்த பிறகு இங்கே தங்கக் கொடுத்த கெடுவும் முடியப் போகிறது. கும்பகோணத்தில் என் அண்ணன் தன் வீட்டு மாடியில் ஓர் அறை ஒழித்து வைத்திருக்கிறாராம். சாப்பாட்டு மேசையை மட்டும் இன்னும் யாருக்கும் கொடுக்கவில்லை. நாம் வேலை செய்த மேசை. புத்தகத்தில் ஒரே ஒரு சொல் பாக்கியிருக்கிறது. அதை எழுதிய பிறகு கொடுத்துவிடலாம் என்று நினைத்தேன்.

எழுத்தாளரின் பெயர் அட்டையில் இருக்கிறது. நமக்கு அவர் யான்பு அக்கா. கொரியாவின் தெற்குக் கரையில் மீன் வாடை அடிக்கும் ஒரு துறைமுக ஊரில் பிறந்தவர். அவர் நடை பழகும் முன்பே அவருடைய அப்பா சவூதியில் யான்புவுக்குக் கிளம்பிவிட்டார். இன்று கொரியா என்றால் கார், ஃபோன், பாட்டு, நாடகம். அன்றைக்கு அந்த ஊர்க்காரர்களும் நம் ஆட்களைப் போலத்தான் கூட்டம் கூட்டமாக இந்தப் பக்கம் வந்திருக்கிறார்கள். சுத்திகரிப்பு ஆலைக்கு இரும்பு தூக்கியிருக்கிறார்கள், கேம்ப்பில் அடுக்குக் கட்டிலில் படுத்திருக்கிறார்கள், வெள்ளிக்கிழமை துணி துவைத்திருக்கிறார்கள். நீ அதைப் படித்துச் சொன்னபோது நான் நம்பவில்லை. “சித்தி, நிஜமா. கொரியன்ஸ்தான் அப்ப லேபர்” என்று படங்களைத் தேடிக் காட்டினாய். தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு மணலில் வரிசையாக உட்கார்ந்து சாப்பிடுகிறவர்கள். முகத்தை மறைத்துவிட்டால் துபாயில் சோனாப்பூர் லேபர் கேம்ப்பில் எடுத்த படம் என்று சொல்லலாம்.

பல வருடங்கள் வரை அக்காவுக்கு அப்பா என்றால் அவர் பேசி அனுப்பிய ஒரு கேசட்தான். அதைப் போட்டால் இருமுவார், சாப்பிட்டாயா என்பார், அம்மா சொல்பேச்சைக் கேள் என்பார். அவர் திரும்பி வந்த நாளில் கறுத்த ஓர் ஆளைப் பார்த்துப் பயந்து, அந்தப் பெண் கேசட்டுக்குப் பக்கத்தில் போய் ஒளிந்துகொண்டாள். நீ இந்த இடத்தை இரண்டு தடவை படித்தாய். அதன்பின் அப்பா உள்ளூர்ப் பேருந்து ஓட்டினார். யான்பு பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. மகள் பகலில் தையல் ஆலையில் வேலை செய்து, மாலையில் படித்து, முப்பதை நெருங்கும்போது முதல் கதையை அச்சில் பார்த்தாள். எழுதியது மொத்தமும் மெல்லிய புத்தகங்கள், அதிலும் கொஞ்சம்தான். அவர் எழுதும் விதம் எனக்குப் பிடித்தது. உரையாடல் வரும் இடங்களைச் சமையலறையில் நின்று சத்தமாகப் படித்துப் பார்ப்பாராம். பக்கத்து அறையில் படுத்திருக்கும் அவருடைய அம்மா, “யார் வந்திருக்கா?” என்று கேட்டால் அந்த உரையாடல் கதையில் அப்படியே இருக்கும். கேட்காவிட்டால் அந்த வரிகளைக் கோடு போட்டு அடித்துவிடுவார்.

நாமும் அப்படித்தான் செய்தோம். நீ ஒரு வரியைக் கொரிய மொழியில் படிப்பாய், பாதித் தமிழும் பாதி ஆங்கிலமுமாகச் சொல்வாய், நான் எழுதிப் படித்துக் காட்டுவேன். பக்கத்து அறைக்குப் பதில் நமக்கு அடுப்படி. உன் அப்பா வாரம் முழுவதும் புஜைராவில், எண்ணெய்க் கிடங்கு வேலை, கேம்ப் வாசம். விடுமுறை நாளில் பஸ் பிடித்து வந்து, குளித்துவிட்டு, என்னை அடுப்படிப் பக்கம் வரவிடாமல் தானே சமைப்பார். நம்மைக் கவனிக்காதது போலத்தான் இருப்பார். ஆனால் ஒரு வரி சரியாக வந்துவிட்டால் கரண்டிச் சத்தம் நின்றுவிடும். அதுதான் எனக்கு அடையாளம்.

ஒரு நாள் அக்காவின் பழைய சிறுகதை ஒன்றைப் பார்த்துக்கொண்டிருந்தோம். நீ “சே அம்மா” என்று படித்தாய்.

“யார்ரா அது, அம்மாவப் பார்த்து சேன்றது?” என்று அடுப்படியிலிருந்து குரல்.

“ஐயோ அப்பா. சேன்னா நியூ. கொரியன்ல. சே அம்மான்னா புது அம்மா.”

“ஓ.” வெங்காயம் நறுக்கும் சத்தம் கொஞ்ச நேரம் கேட்டது. “அப்ப நம்ம வீட்டுச் சங்கதிதான்.”

நீ சிரிக்கவில்லை. பக்கத்தைத் திருப்பினாய். நானும் தலை நிமிராமல் அந்த இடத்தில் ‘சித்தி’ என்று எழுதினேன். புத்தகத்தைப் படிக்கிறவர்களுக்கு இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். உன்னைப் பெற்றவள் நான் இல்லை. அவள் இறந்தபோது உனக்கு ஆறு வயது. நான் வந்தபோது எட்டு. எனக்கே அப்போது இருபத்து மூன்றுதான். உன்னைத் தம்பி என்று கூப்பிட ஆரம்பித்தேன். பெற்ற பிள்ளையையும் அப்படிக் கூப்பிடுகிறவர்கள் உண்டு, வழியில் பார்க்கும் பையனையும் அப்படித்தான் கூப்பிடுவார்கள். இரண்டில் எதுவானாலும் பொருந்தும் என்று யோசித்துத்தான் அந்தச் சொல்லை எடுத்தேன்.

இனி இந்த நாவல். இதில் வயதான அப்பா நினைவு தப்பிய நிலையில் மருத்துவமனையில் கிடக்கிறார். ஜன்னலைப் பார்த்து ஒரே வார்த்தையைச் சொல்லிக்கொண்டிருக்கிறார். ‘மாபி.’ கையை விரித்துக் காற்றில் தடவி, ‘மாபி, மாபி’ என்கிறார். மனைவிக்கும் மகளுக்கும் அது ஒரு பெயராகத்தான் படுகிறது. யான்புவில் விட்டுவிட்டு வந்த ஒருத்தி. மனைவி எதுவும் கேட்பதில்லை. அன்றிலிருந்து கட்டிலுக்குப் பக்கத்து நாற்காலியைச் சுவர்ப் பக்கம் திருப்பிப் போட்டு உட்காருகிறாள். மகளோ அந்த மாபியைக் கொஞ்சம் கொஞ்சமாக உருவாக்குகிறாள். மாபிக்கு முழங்கையில் ஒரு தழும்பு இருக்கிறது, மாபி தண்ணீரைக் கையில் ஏந்திக் குடிப்பாள், மாபிக்குக் கொரியப் பாட்டு ஒன்று அரைகுறையாகத் தெரியும். அக்கா எழுதியதிலேயே அழகான பகுதி அதுதான். நீ குரலைத் தாழ்த்திப் படித்துக்கொண்டிருந்தாய். அப்போது அடுப்படியில் உன் அப்பா சிரிக்கிற சத்தம். சிரிப்பு இருமலாகி, கரண்டியோடு வந்து வாசலில் நின்றார்.

“திரும்பப் படிடா அத.”

“எத?”

“அந்தப் பொம்பள பேர.”

“மாபி.”

“அது பொம்பள இல்லடா. மாபி. இல்லைங்கிறது. அரபில இல்லைன்னா மாபி.”

“மாஃபின்னு சொல்வாங்களே, அதுவா?”

“ஆமா, ஒனக்கு எஃப் போட்டுச் சொன்னாத்தான் வெளங்கும். எங்களுக்கு மாபிதான். கொரியாக்காரனுக்கும் அந்த எழுத்து வாயில வராது போல.” கரண்டியை ஆட்டிக்கொண்டே சொன்னார். “யான்புல எல்லாமே மாபி. தண்ணி மாபி, கரண்டு மாபி, லீவு மாபி. காலைல பேரு கூப்புடுவான், ஆளு வரலேன்னா மாபிம்பான். பாவம் அந்த மனுசன் எவளையும் தேடலடா. ஏதோ இல்லைன்னு சொல்லிட்டுக் கெடந்திருக்கான்.”

நீ புத்தகத்தை மூடிவிட்டாய். “அப்பா, நீங்க யான்புல இருந்தீங்களா?”

“ம். ஒங்கம்மாவக் கட்டுறதுக்கு முந்தி.”

“சொன்னதே இல்ல.”

“நீ கேக்கல.” குழம்பு அடிப்பிடிக்கும் என்று உள்ளே போய்விட்டார். அந்த எழுத்தாளருக்கு யான்பு அக்கா என்று பெயர் வைத்ததும் அன்றைக்குச் சாப்பிடும்போதுதான். “யான்பு அக்கா இன்னும் என்னடா எழுதிருக்கு?” என்று கேட்டார். தன்னைவிடச் சின்னவரை அக்கா என்கிறோமே என்றெல்லாம் பார்க்கவில்லை. யான்புவில் எத்தனை காலம், என்ன வேலை, யாரோடு இருந்தார் என்று நீ பிறகு கேட்பாய் என்று நினைத்தேன். நானும் கேட்டிருக்கலாம். நாம் கேட்கவில்லை. ஒரு கொரியப் பெண்ணின் அப்பா யான்புவில் எப்படி உறங்கினார் என்பது உனக்குத் தெரியும், உன் அப்பா எப்படி உறங்கினார் என்பது தெரியாது. அதை இனி யாரிடமும் கேட்க முடியாது.

ஒரு வாரம் கழித்து அக்கா கொடுத்த பேட்டி ஒன்றைத் தேடி எடுத்து வந்தாய். நாவலில் வருவது அவருடைய சொந்த அப்பா கடைசி நாட்களில் சொன்ன சொல்லேதானாம். நாவல் வந்த பிறகு, கூட்டம் ஒன்றில், அப்பாவோடு வேலை பார்த்த கிழவர் ஒருவர் எழுந்து நின்று அந்தச் சொல்லின் பொருளைச் சொல்லியிருக்கிறார். அதற்குள் அக்காவின் அம்மா இறந்துவிட்டிருந்தார். இல்லாத ஒருத்தியோடு பல வருடம் மனதுக்குள் சண்டை போட்டுவிட்டு, கணவருடைய நினைவு நாளில் படையல் வைக்க மறுத்துவிட்டு, அப்படியே இறந்துபோனார். அக்கா அடுத்த பதிப்பில் ஓர் எழுத்தைக்கூட மாற்றவில்லை. ஏன் என்று கேட்டதற்கு, மாபியை எடுத்துவிட்டால் அம்மா யாரை நினைத்து அழுதாள் என்ற கேள்வி வந்துவிடும், அம்மாவுக்காகவாவது அந்தப் பெண் அங்கேயே இருக்கட்டும் என்ற பொருளில் ஏதோ சொல்லியிருந்தார். அதற்குப் பிறகு அவர் நாவல் எழுதவில்லை. அடுத்த அறையிலிருந்து ‘யார் வந்திருக்கா’ என்று கேட்க ஆள் இல்லை என்பதை அவர் சொல்லவில்லை, நீதான் சொன்னாய்.

அன்று நான் வேலையை நிறுத்திவிட்டுத் துணி மடிக்கப் போனேன், ஞாபகம் இருக்கிறதா? தலைவலி என்றேன். தலைவலி இல்லை. எனக்கும் ஒரு மாபி இருந்தாள்.

நான் இந்த ஊரில் வந்து இறங்கிய நாளில், டாக்ஸியில் நீ எனக்கும் அப்பாவுக்கும் நடுவில் உட்கார்ந்திருந்தாய். வழியில், “எங்க வீட்ல லிஃப்ட் இருக்கு” என்றாய். சரிதான். புதிதாக வருகிறவளிடம் அப்படித்தான் சொல்ல வேண்டும். தமிழில் அதற்கு இரண்டு சொல் இருக்கிறது. கேட்கிறவளையும் சேர்த்துக்கொண்டால் நம்ம வீடு. அவளை வெளியே நிறுத்தினால் எங்க வீடு. ஒரு மாதம் போனால் மாறும் என்று காத்திருந்தேன். மாறவில்லை. “சித்தி, எங்க வீட்டுச் சாவி பார்த்தீங்களா?” “சித்தி, எங்க வீட்ல இன்னிக்கு என்ன சமையல்?” நானே சமைத்து, நானே பெருக்கி, நானே சாவியைத் தேடிக் கொடுத்துக்கொண்டிருந்த வீடு. உனக்குக் காய்ச்சல் வந்து நெற்றியில் துணி போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தபோதும், கண்ணைத் திறந்து, “எங்க வீட்ல பனடால் இருக்கா?” என்று கேட்டாய். நீ முரட்டுப் பிள்ளை இல்லை. ஒரு நாளும் என்னை எதிர்த்துப் பேசியதில்லை. அதனாலேயே அந்தச் சொல் பெரிதாக வளர்ந்தது. வாயால் சொல்லாததை எல்லாம் இந்தப் பிள்ளை இலக்கணத்தால் சொல்கிறான் என்று நினைத்துக்கொண்டேன். உன் அப்பாவிடம் சொன்னால் சிரிப்பார். யாரிடமும் சொல்லவில்லை. நாற்காலியைச் சுவர்ப் பக்கம் திருப்பிப் போட்டுக்கொள்ளவில்லை, அவ்வளவுதான்.

பிறகு நாவலின் கடைசிப் பக்கத்துக்கு வந்தோம். அப்பா யான்புவிலிருந்து திரும்பி வந்த நாள். வாசலில் பெட்டியோடு நிற்கிறார். எதிரே மனைவி, கதவுக்குப் பின்னால் மகள். அவர் உள்ளே வராமல் நின்று இரண்டே சொல் சொல்கிறார். நாவல் அங்கே முடிகிறது. நீ “உரி ஜிப்” என்று படித்து, ஆங்கிலத்தில் “அவர் ஹவுஸ்” என்றாய்.

“எங்க வீடா, நம்ம வீடா?” என்று கேட்டேன்.

“ரெண்டும் ஒண்ணுதான சித்தி.”

“இல்லையேப்பா.”

“கொரியன்ல ஒரே வேர்டுதான். உரி.”

“தமிழ்ல ரெண்டு இருக்கே. அந்தப் பொண்டாட்டியையும் சேர்த்துச் சொல்றாரா, விட்டுட்டுச் சொல்றாரா? அதுக்கு ஏத்த மாதிரிதானே எழுதணும்.”

நீ என்னைப் பார்த்த பார்வையை மறக்க மாட்டேன். “வெயிட். எங்கன்னா விட்டுட்டா?”

“ஆமா.”

“நான் நம்மங்கிறது லோக்கல்னு நெனச்சேன். சினிமால சொல்ற மாதிரி. நம்ம ஆளு, நம்ம ஏரியா. எங்கன்னா கொஞ்சம் டீசன்ட்டுன்னு...”

அவ்வளவுதான், தம்பி. அத்தனை வருடமும் நீ என்னிடம் மரியாதையாகப் பேசிக்கொண்டிருந்திருக்கிறாய். சிரிப்பு வந்தது. சிரித்தும்விட்டேன். சிரித்து முடிப்பதற்குள் உன் முகம் மாறியதைப் பார்த்தேன். ஒவ்வொன்றாகத் திரும்பிப் போய் எங்கெங்கே அதைச் சொன்னாய் என்று பார்த்துக்கொண்டிருந்தாய். “சித்தி, நான்...” என்று தொடங்கினாய். “பரவாயில்லடா, அந்தப் பக்கத்தை முடிப்போம்” என்று உன்னை நிறுத்திவிட்டேன். நிறுத்தியிருக்கக் கூடாது. எதையாவது தடுமாறி நீ சொல்லியிருப்பாய். அந்தத் தடுமாற்றம் எனக்குப் போதுமானதாக இருந்திருக்கும்.

அதன் பிறகு நடந்ததுதான் நான் எதிர்பார்க்காதது. நீ இரண்டு சொல்லையும் விட்டுவிட்டாய். “சித்தி, வீட்டுச் சாவி.” “வீட்ல பால் இல்ல.” வெறும் வீடு. முன்னே எதுவும் கிடையாது. எங்க என்றால் தப்பு என்று தெரிந்துவிட்டது. நம்ம என்று சொல்வதற்கு உன்னிடம் என்ன தடை இருந்தது என்று எனக்குத் தெரியவில்லை. கூச்சமாக இருக்கலாம். சொன்னால் அதை நான் உடனே கவனிப்பேன் என்ற பயமாக இருக்கலாம். இல்லை, உண்மையாகவே என்னை எந்தப் பக்கம் வைப்பது என்று தெரியாமல் இருந்திருக்கலாம். தெரியாமல் சொன்ன வரைக்கும் அதைத் தவறு என்று வைத்துக்கொள்ள எனக்கு வழி இருந்தது. விளக்கம் சொல்லி அந்த வழியை நானே அடைத்துவிட்டேன்.

அந்தக் கோடையில் உன் அப்பா போனார். புஜைராவிலிருந்து அவருடைய கேம்ப் ஆள்தான் ஃபோனில் கூப்பிட்டார், இந்தியில், உன் அப்பாவை ‘பாய்’ ‘பாய்’ என்றே குறிப்பிட்டு, எதையோ சொல்ல முடியாமல் சுற்றிச் சுற்றிப் பேசினார். மார்வலி என்று சொல்லிப் படுத்தவர் எழுந்திருக்கவில்லை. உடலை அனுப்புவதற்கு உதவ வந்த தமிழர் ஒருவர் என்னைக் காட்டி உன்னிடம், “இவங்க யாருங்க தம்பி?” என்று கேட்டார். நீ “எங்கப்பாவோட வைஃப்” என்றாய். ஆங்கிலத்தில் யோசித்துத் தமிழில் சொன்னாய் என்று அப்போதே எனக்குப் புரிந்தது. புரிந்தும், நாற்காலியைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது.

உன் அப்பாவின் ஊரான பரமக்குடியில் காரியம் முடிந்து கூடத்தில் எல்லோரும் உட்கார்ந்திருந்தபோது உன் அத்தை உன் தலையைத் தடவி, “நீ எங்க வீட்டுப் புள்ளடா. இனிமே நம்மளுக்கு நம்மதான். அந்த ஊரும் வேணாம் ஒண்ணும் வேணாம், இங்கனயே இருந்துரு” என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, “நீயும் சின்னப் பொண்ணு, ஒங்க வீட்ல யோசிப்பாங்கல்ல” என்றார். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அண்ணனைப் பறிகொடுத்தவர், உண்மையில் என் மேல் இரக்கப்பட்டுத்தான் சொன்னார். ஆனால் அந்த மூன்று சொல்லும் அவர் வாயில் எவ்வளவு சுத்தமாக வந்து அதனதன் இடத்தில் உட்கார்ந்தன, கவனித்தாயா? எங்க, நம்ம, ஒங்க. வேலி போடத் தெரிந்தவர்கள் போட்ட வேலி. கூடத்தில் எல்லோரும் உன்னைப் பார்த்தார்கள். நானும் பார்த்தேன். நீ தரையைப் பார்த்துக்கொண்டு, “வீட்டுக்குப் போகணும் அத்தை” என்றாய். எந்த வீடு என்று அத்தை கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. ஆனால் மறுநாள் விமானத்தில் என் பக்கத்து இருக்கையில் இருந்தாய்.

இப்போது சியோலில் இருக்கிறாய். படிப்புக்கு இடம் கிடைத்ததும் முதலில் என்னிடம் சொல்லாமல், மேசையில் அக்காவின் புத்தகத்தை விரித்து அதன் மேல் அந்தத் தாளை வைத்துவிட்டு வெளியே போனாய். சந்தோஷம்தான். பனிக்குக் காதை மூடிக்கொள், உன் அப்பா மாதிரி நின்றுகொண்டே சாப்பிடாதே, இதையெல்லாம் சொல்ல வேண்டியது என் வேலை. அதைவிட ஒன்று சொல்ல வேண்டும். அங்கே உனக்கு வயதானவர்கள் பழக்கமாவார்கள். அந்தத் தலைமுறையில் சிலர் வாயில் அரபு வார்த்தை ஒன்றிரண்டு இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கும். கிளம்பு என்பதற்கு யல்லா என்பார்கள், முடிந்தது என்பதற்குக் கலாஸ் என்பார்கள். கேட்டால் நின்று பேசு. எங்கே படுத்தீர்கள், என்ன சாப்பிட்டீர்கள், யாரை நினைத்துக்கொண்டிருந்தீர்கள் என்று கேள். உன் அப்பாவிடம் கேட்காததை அவர்களிடமாவது கேள். உனக்கு நெருக்கமாகிறவர்களிடம் எதையும் இலக்கணத்திலிருந்து ஊகிக்காதே. நான் அப்படிச் செய்தேன். ஊகித்ததில் எனக்குக் கிடைத்தது பத்துப் பன்னிரண்டு வருட மௌனம்தான்.

நேற்று நீ கூப்பிட்டாய். மேசையை என்ன செய்யப் போகிறீர்கள் என்று கேட்டாய். பதில் சொல்லிக்கொண்டிருக்கும்போது உன் அறையில் யாரோ வந்தார்கள். ஃபோனில் யார் என்று உன்னைக் கேட்டிருக்க வேண்டும். நீ வாயைத் திருப்பிக்கொண்டு இரண்டு சொல் சொன்னாய். அந்த மொழியில் எனக்குத் தெரிந்த சொற்களை விரல்விட்டு எண்ணிவிடலாம், அதில் இரண்டு. “உரி அம்மா.” கொரிய அம்மா நம்முடையதைவிடக் கொஞ்சம் தொண்டைக்குள் விழும் என்று நீயே சொல்லியிருக்கிறாய். அது அப்படித்தான் விழுந்ததா, இல்லை இங்கத்து அம்மாவேதானா என்று பிரித்தறிய முடியவில்லை. அங்கே தண்ணீர் கொதிக்கும் சத்தம், லைன் வேறு விட்டு விட்டு வந்தது. உடனே திரும்பி, “சொல்லுங்க சித்தி” என்றாய்.

அதன் பிறகு வெகுநேரம் யோசித்துக்கொண்டிருந்தேன். சித்தி என்பதை ஒரு கொரியப் பையனுக்கு யார் விளக்கிக்கொண்டிருப்பது, அதனால் சுலபமாக ஒன்றைச் சொல்லிவைத்திருப்பாய். ஆனால் உனக்குச் சே அம்மா தெரியும். நீயேதான் எனக்குப் படித்துக் காட்டினாய். அது கையருகே இருந்தும் எடுக்கவில்லை. இல்லை, நான் கேட்டதே தவறாக இருக்கலாம். நீ அந்தப் பையனிடம் பால் பாக்கெட் எங்கே என்று சொல்லியிருக்கலாம். அக்கா ஒரு சொல்லைக் கேட்டார். அது ‘இல்லை’ என்ற சொல். அதற்கு முழங்கைத் தழும்பு முதற்கொண்டு எல்லாம் கொடுத்து ஒரு பெண்ணை உண்டாக்கினார். நான் கேட்டதும் அப்படி ஒரு மாபியாக இருக்கலாம் என்பது எனக்குத் தெரியும். அதனால்தான் உன்னிடம் கேட்கவில்லை. நீயும் சொல்ல வேண்டாம்.

வாசலில் பெட்டியோடு நிற்கிற அந்த மனிதர் யாரைச் சேர்த்துச் சொன்னார், யாரை விட்டுச் சொன்னார் என்று அக்காவுக்கே தெரியாது. கொரிய மொழி அவரைக் கேட்கவும் இல்லை. தமிழ் விடாது, கேட்கும். இந்தக் கடிதத்தைத் தொடங்கியபோது கடைசி வரியில் விட்டுவைத்திருந்த இடத்தை இன்று காலை நிரப்பிவிட்டேன். ‘நம்ம வீடு’ என்று எழுதியிருக்கிறேன். மேசையைக் கேட்ட பாகிஸ்தானியர் சற்று முன் வந்து எடுத்துப் போய்விட்டார். இதை ஜன்னல் திட்டில் வைத்து முடிக்கிறேன்.

அந்தச் சொல் தவறாக இருந்தால், அடுத்த பதிப்பிலும் திருத்த வேண்டாம்.

சித்தி
ரோலா, ஷார்ஜா